வயலுக்குக் கிட்டி, காட்டுக்குக் காவல்

அரியலூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், அணைக்கரையிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலையும் ஜெயங்கொண்டத்திலிருந்து கிழக்கே வரும் சாலையும் கூடும் பகுதியில் அமைந்த மீன்சுருட்டி, இரண்டு வகை நிலங்கள் ஒன்றையொன்று தொடும் எல்லையில் இருக்கிறது. ஒருபுறம் 1836-ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டி முடிக்கப்பட்ட கீழணையிலிருந்து பிரிந்து வீராணம் ஏரியை நோக்கி ஓடும் வடவாற்றின் நீரை நம்பிய நெல் வயல்கள். மறுபுறம் கங்கைகொண்ட சோழபுரத்தையும் ஜெயங்கொண்டத்தையும் ஆண்டிமடத்தையும் சுற்றிப் பரந்திருக்கும் முந்திரிக் காடுகளும் நிலக்கடலை விளையும் செம்மண் மேடுகளும். நெல் வயலின் வரப்புக்குள் எலி வாழ்கிறது. முந்திரிப் புதரின் அடியில் காட்டுமுயல் படுத்திருக்கிறது. இவ்விரண்டு விலங்குகளையும் பயிரைத் தின்பவை என்று ஒரே கணக்கில் வைத்து, ஒரே கருவிகளைக் கொண்டு, அதாவது நாயையும் கண்ணியையும் பொறியையும் கொண்டு பிடித்துவந்தது நாட்டுப்புறத்தின் பழைய வழக்கம். இன்றைய சட்டமும் வேளாண் அறிவியலும் இவற்றை வெவ்வேறாகப் பிரித்து, முயலைக் காக்க வேண்டிய உயிர் என்றும் எலியைக் கட்டுப்படுத்த வேண்டிய உயிர் என்றும் தெளிவாக வகுத்துவிட்டன. ஆனால் நடைமுறையில் எலியை நோக்கி நஞ்சும் மின்கம்பியும் நீள, பழைய கண்ணியும் வேட்டை நாயும் முயலை நோக்கியே இன்னும் திரும்பியிருக்கின்றன. இந்தத் தலைகீழ் நிலையைச் சரிசெய்வதில்தான் வயலின் நலமும் காட்டின் நலமும் சேர்ந்தே அடங்கியிருக்கின்றன.

முயலிலிருந்து தொடங்குவது பொருந்தும். தமிழ்நாட்டின் புதர்க்காடுகளிலும் தரிசுகளிலும் காணப்படுவது பிடரியில் கரிய பட்டை கொண்ட இந்தியக் காட்டுமுயல். வீடுகளிலும் பண்ணைகளிலும் வளர்க்கப்படும் முயல் ஐரோப்பாவிலிருந்து வந்த வேறொரு இனத்தைச் சேர்ந்தது. ஐரோப்பிய முயல் மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழும்; அதன் குட்டிகள் மயிரின்றி, கண் திறக்காத நிலையில் பிறக்கும். இந்தியக் காட்டுமுயலோ வளை தோண்டுவதில்லை. பகலில் புல்லுக்குள்ளோ புதரடியிலோ தன் உடல் அளவே ஆன ஒரு பள்ளத்தில் அசையாமல் படுத்திருந்து, இருட்டிய பின் தனியாக மேயும். அதன் குட்டிகள் மயிருடனும் திறந்த கண்களுடனும் பிறந்து, விரைவிலேயே தம் கால்களில் நிற்கும். இந்த வேறுபாட்டுக்கு வேளாண்மையில் பெரிய பொருள் உண்டு. வளைக்குள் கூட்டமாகப் பெருகும் உயிர் பயிருக்குப் பெருங்கேடாக மாறக்கூடியது. தனித்து, சிதறி, நரிக்கும் காட்டுப்பூனைக்கும் பருந்துக்கும் இரையாகி வாழும் உயிர் அந்த அளவுக்குப் பெருகுவதில்லை. நிலக்கடலைக் கொடியையோ பயறு வகைகளின் இளந்தளிரையோ காட்டுமுயல் கடிப்பது உண்மைதான். ஆயினும் அது ஓர் ஊரின் விளைச்சலையே அழிக்கும் விலங்கு அன்று.

முயலைக் கட்டுப்படுத்துவது பற்றி உலகில் எழுதிக் குவிக்கப்பட்டவை பெரும்பாலும் அந்த ஐரோப்பிய வளைமுயலைப் பற்றியவை. 1859-ஆம் ஆண்டில் தாமஸ் ஆஸ்டின் என்னும் பண்ணையார், வேட்டையாடி மகிழ்வதற்காக ஆஸ்திரேலியாவின் விக்டோரியா பகுதியில் தம் நிலத்தில் சில முயல்களை விட்டார். அவற்றின் வழித்தோன்றல்கள் அந்தக் கண்டத்தின் மேய்ச்சல் நிலங்களையே மொட்டையடித்தன. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901 முதல் 1907 வரை எழுப்பப்பட்ட முதல் முயல்தடுப்பு வேலி மட்டுமே 1,833 கிலோமீட்டர் நீளம் கொண்டது. வேலி கட்டி முடிவதற்குள் முயல்கள் அதைக் கடந்துவிட்டன. 1950-இல் மிக்சோமா என்னும் நச்சுயிரி, அதாவது முயல்களுக்கு மட்டும் கொடிய நோயை உண்டாக்கும் வைரஸ், வேண்டுமென்றே பரப்பப்பட்டது. தொடக்கத்தில் நோய் கண்ட முயல்களில் ஏறத்தாழ எல்லாமே இறந்தன. ஆனால் சில ஆண்டுகளில் நச்சுயிரியின் வீரியம் தணிந்தது, முயல்களிடம் எதிர்ப்பாற்றல் வளர்ந்தது, எண்ணிக்கை மீண்டும் ஏறியது. பிரிட்டனில் அதே நோய் 1953-இல் நுழைந்தது. அங்கே காலைக் கவ்விப் பற்களால் நசுக்கும் இரும்புப் பொறி, அது தரும் வதையின் காரணமாக, 1954-ஆம் ஆண்டின் சட்டத்தால் விலக்கப்பட்டு 1958 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தடைக்குள் வந்தது. கண்ணிகளை வேல்ஸ் 2023-இல் முழுமையாகத் தடை செய்தது. ஸ்காட்லாந்து 2024-இல் அதே வழியில் சட்டம் இயற்றியது. முயல் பெருங்கேடாக விளங்கும் நாடுகளிலேயே கண்ணி கைவிடப்படும்போது, முயல் பெருங்கேடாக இல்லாத நாட்டில் அதை வைத்திருப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை.

இதே ஆஸ்திரேலிய வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில் மைய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டலப் பிரிவு, இறைச்சிக்கும் உரோமத்துக்குமான முயல் இனங்களை வளர்த்து விவசாயிகளுக்கு வழங்கிவருகிறது. முயல் வளர்ப்பு பலருக்கு நல்ல துணைத்தொழில். தொழில் கைகொடுக்காதபோது கூண்டு முயல்களைப் புதர்க்காட்டில் திறந்துவிடுவது மட்டும் எவரும் செய்யக் கூடாதது.

வரப்புக்குள் இருக்கும் பகை

ஐரோப்பிய விவசாயிக்கு வளைமுயல் எதுவோ, அது கொள்ளிடக் கரை விவசாயிக்கு வயல் எலி. வயல் எலி என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும் அது ஒரே இனம் அன்று. நெல் வயலில் மிகுதியான சேதத்தை உண்டாக்குவது பெருச்சாளியின் நெருங்கிய உறவான, அதைவிடச் சிறிய, கரம்பை எலி என்று வேளாண் கையேடுகள் குறிப்பிடும் இனம். அதனுடன் மென்மயிர் கொண்ட புல் எலியும், கட்டைவிரல் அளவே உள்ள வயல் சுண்டெலியும், மேட்டுநிலத்து மணற்பாங்கான மண்ணில் வாழும் வெள்ளெலியும் சேர்ந்துகொள்கின்றன. மீன்சுருட்டி போல நஞ்சையும் புஞ்சையும் அடுத்தடுத்து இருக்கும் ஊர்களில், நெல் அறுவடை முடிந்ததும் எலிகள் மேட்டுநிலப் பயிர்களுக்கும் வைக்கோல் போர்களுக்கும் நகர்வதும், அடுத்த நடவின்போது திரும்பி வருவதும் இயல்பு.

எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், பசி இல்லாத நேரத்திலும் அது எதையாவது கடித்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும்; எனவே அது தின்னும் பயிரைவிட வெட்டிப் போடும் பயிர் அதிகம். நெற்பயிர் தூர் கட்டும் பருவத்தில் தண்டுகளைச் சாய்வாக அறுத்துப் போடும். கதிர் வெளிவருவதற்கு முன் தண்டுக்குள் திரண்டு நிற்கும் தொண்டைக்கதிர் பருவத்தில்தான் அதன் வேட்கை உச்சத்தை அடைகிறது, ஏனெனில் அப்போது தண்டுக்குள் இருக்கும் இளங்கதிர் இனிப்பும் சத்தும் மிக்கது. தூர் கட்டும் பருவத்தில் அறுபட்ட பயிர் மீண்டும் துளிர்க்க வாய்ப்புண்டு. தொண்டைக்கதிரில் அறுபட்டது அறுபட்டதுதான். வயலின் ஓரங்களில் வரப்புக்கு அருகே சேதம் குறைவாகவும் நடுவில் வட்ட வட்டமாக அதிகமாகவும் இருக்கும் என்பதால், வரப்பில் நின்று பார்ப்பவருக்கு இழப்பின் அளவு கடைசிவரை தெரியாமல் போவதும் உண்டு. கதிர் முற்றிய பின் எலி அதைக் கத்தரித்து வளைக்குள் இழுத்துச் சென்று, தனியாக அமைத்த அறைகளில் சேமிக்கிறது. ஒரு வளையைத் தோண்டினால் கிலோக்கணக்கில் நெல் கிடைப்பது அரிதன்று.

கருவுற்ற சுமார் மூன்று வாரத்தில் ஈனும் கரம்பை எலி, ஓர் ஈற்றில் ஆறு எட்டுக் குட்டிகள் போடுவது சாதாரணம். அந்தக் குட்டிகள் சில மாதங்களிலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். நடவின்போது வரப்பில் பத்து எலி என்றால் அறுவடையின்போது எத்தனை என்பதை இந்தக் கணக்கிலிருந்தே விவசாயி ஊகித்துக்கொள்ளலாம். எலிக் கட்டுப்பாட்டில் காலம்தான் முதன்மையானது என்று வேளாண் விஞ்ஞானிகள் மீண்டும் மீண்டும் சொல்வதற்குக் காரணம் இதுவே.

கிட்டியின் நுட்பம்

காவிரிப் படுகையில் எலிக்கென்றே உருவான பொறிக்குக் கிட்டி என்று பெயர். வேளாண் நூல்கள் அதைத் தஞ்சாவூர் கிட்டி என்றே குறிக்கின்றன. மூங்கிலைப் பிளந்து செதுக்கி வில்லாக வளைத்து, அதற்கு ஒரு நாண் கட்டி, வில்லின் விசையைத் தடுத்து நிறுத்த ஒரு சிறு குச்சியைப் பொருத்தி, அந்தக் குச்சியோடு இரையை இணைத்துவிடுவதே அதன் அமைப்பு. எலி இரையை இழுக்கும் கணத்தில் தடுப்புக் குச்சி நழுவ, வில் தெறித்து, எலியின் கழுத்தோ உடலோ நாணுக்கும் மூங்கிலுக்கும் இடையே இறுக்கப்படும். இரும்பு இல்லை, ஆணி இல்லை, நஞ்சு இல்லை. தேய்ந்துபோனால் வயலிலேயே மக்கிப்போகும். கையளவே உள்ள இந்தக் கருவியின் வெற்றி முழுவதும் அதை வைப்பவரின் கண்ணில் இருக்கிறது. மாலையில் வயலைச் சுற்றி வந்து, எலி எந்த வரப்பிலிருந்து இறங்குகிறது, ஈரச் சேற்றில் அதன் காலடியும் வாலின் கோடும் எங்கே செல்கின்றன, எந்த வளைவாயில் புதுமண் தள்ளப்பட்டிருக்கிறது என்பதைப் படித்து, அந்தத் தடத்திலேயே கிட்டியை ஊன்ற வேண்டும். ஒரு முழம் தள்ளி வைத்தால் விடியும்வரை அது வெறுமனே நிற்கும். விடியற்காலையில் கிட்டிகளை எடுத்து, சிக்கிய எலிகளின் வாலை எண்ணி, வாலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவது நெடுங்கால வழக்கம்.

நாற்றங்கால் விட்ட நாளிலிருந்தும் நடவு முடிந்த உடனும் கிட்டி வைப்பதே பலன் தரும். அப்போது வயலில் எலிக்கு வேறு தீனி குறைவு என்பதால் அது இரையைத் தேடி வரும். தொண்டைக்கதிர் திரண்ட பிறகு, சுற்றிலும் விருந்து விரிந்து கிடக்கும்போது, கிட்டியில் குத்திய பொரியையோ மாவு உருண்டையையோ அது பொருட்படுத்தாது. சேதம் கண்ணில் பட்ட பிறகே கிட்டிக்காரரைத் தேடும் பழக்கம், பொறியின் பலனை முக்கால்வாசி இழந்துவிட்டு மீதிக்குக் கூலி கொடுப்பதற்குச் சமம்.

கிட்டியின் மற்றொரு சிறப்பு அது தேர்ந்து பிடிப்பது. எலியின் உடலளவுக்கும் எலியின் தடத்துக்கும் ஏற்ப அமைக்கப்படுவதால், வயலில் நடமாடும் கீரியோ உடும்போ நாரையோ அதில் சிக்கி மடிவது அரிது. வயலின் நண்பர்களான சாரைப்பாம்பையும் கீரியையும் கூகையையும் விட்டுவைத்து எலியை மட்டும் எடுக்கும் கருவி என்ற வகையில், நவீன ஆய்வுகள் தேடும் குணங்கள் பலவும் இந்த மூங்கில் வில்லில் ஏற்கெனவே இருக்கின்றன.

புகையும் கடப்பாரையும்

கிட்டி எலியை வெளியே வரவைத்துப் பிடிக்கும் முறை என்றால், வளைக்குள் இருக்கும் எலியை அங்கேயே மடக்குவது எலி வெட்டுதல் எனப்படும் வேறொரு முறை. இதில் தமிழ்நாட்டின் வடக்கு, நடு மாவட்டங்களில் வாழும் இருளர்களுக்கு நிகரானவர் இல்லை. தமிழ்நாட்டில் குறிப்பாக நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியுள்ள ஆறு சமூகங்களில் இருளர் சமூகமும் ஒன்று. பாம்பின் தடத்தைப் படிக்கும் அவர்களுடைய திறன் உலகறிந்தது. 1978-இல் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நஞ்சுமுறி மருந்துக்கான நஞ்சைத் தருகிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருதும் வழங்கப்பட்டது. இதே கண்ணும் இதே கையும் வயலில் எலியை எதிர்கொள்ளும்போது மட்டும் அதற்கு விருதும் இல்லை, உரிய கூலியும் இல்லை.

எலி வெட்டுபவர் முதலில் வளையின் எல்லா வாய்களையும் கண்டுபிடிக்கிறார். கரம்பை எலி தன் வளைவாயை உள்ளிருந்தே மண்ணால் அடைத்துக்கொள்ளும். புதிதாகத் தள்ளிய ஈரமண் குவிந்திருந்தால் எலி உள்ளே இருக்கிறது என்று பொருள். தப்பி ஓடுவதற்கென மேல்மண் வரை தோண்டி, மெல்லிய மண்படலத்தால் மூடி வைத்திருக்கும் மறைவாயை அறிவதுதான் கடினம்; அங்கேதான் நாயின் மூக்கு துணைக்கு வருகிறது. இதற்கென உயர்சாதி நாய் எதுவும் தேவையில்லை. தெருவில் வளர்ந்த சாதாரண நாட்டு நாய், எசமானோடு வயலில் பழகியதும், எந்த வளையில் உயிர் இருக்கிறது, எது கைவிடப்பட்ட வளை என்பதை முகர்ந்து சொல்லிவிடும். வெட்டும்போது தாவி ஓடும் எலியைக் கவ்வி ஒரே உதறலில் முடித்துவிடும். மற்ற வாய்களைச் சேற்றால் அடைத்துவிட்டு, ஒரு வாயில் வைக்கோலும் இலைதழையும் போட்டு நெருப்பு மூட்டிய மண்பானையைக் கவிழ்த்து, பானையின் அடியிலுள்ள ஓட்டை வழியாக வாயால் ஊதிப் புகையை உள்ளே செலுத்துவது பழைய முறை. எலிகள் மயங்கியதும் கடப்பாரையாலும் மண்வெட்டியாலும் வளையைத் திறந்து, எலிகளையும் சேமிப்பு அறையிலுள்ள நெல்லையும் எடுப்பார்கள். அந்த நெல் வெட்டியவருக்கே உரியது என்பது பல ஊர்களில் எழுதப்படாத விதி.

பானை ஊதியவர்களின் உடல் இதற்குக் கொடுத்த விலை பெரிது. உதடும் கையும் சுட்டுப் புண்ணாவதும், ஆண்டுக்கணக்கில் புகையை இழுத்து நுரையீரல் நலிவதும், வளைக்குள் பாம்பு இருந்து கடிபடுவதும் இத்தொழிலோடு கூடவே வந்தவை. சென்னையைச் சேர்ந்த ஒரு தொண்டு அமைப்பு, வாயால் ஊதத் தேவையில்லாமல் கையால் சுழற்றும் விசிறி பொருத்திய உலோகப் புகைக்கலத்தை உருவாக்கி, 2003-இல் உலக வங்கியின் மேம்பாட்டுச் சந்தைப் போட்டியில் நிதியுதவி பெற்று, அதை இருளர் குடும்பங்களுக்கு வழங்கியது. அக்கலங்களைச் செய்யும் பணியிலும் இருளர் பெண்களே அமர்த்தப்பட்டனர். தொழில்நுட்பம் என்று சொல்லிக்கொள்ளக் கூச வேண்டிய அளவுக்கு எளிய கருவி அது. ஆயினும் ஒரு மனிதரின் நுரையீரலைக் காத்தது, பிடிக்கும் எலிகளின் எண்ணிக்கையையும் கூட்டியது. அத்தகைய கலம் எலி வெட்டும் ஒவ்வொருவர் கையிலும் இன்றும் இல்லாதது, அறிவுக் குறைவால் அன்று, அக்கறைக் குறைவால். 2021-இல் வெளியான 'ஜெய் பீம்' திரைப்படம் வயலில் எலி பிடிக்கும் காட்சிகளை நகரத்துப் பார்வையாளருக்கும் கொண்டுசேர்த்தது; அந்தப் பரிவு கூலியாக மாறினால்தான் எலி வெட்டுபவரின் வீட்டுக்குப் பயன்.

நஞ்சும் மின்சாரமும்

கிட்டியும் புகையும் பின்னுக்குப் போனதற்கு முதற்காரணம் நஞ்சின் எளிமை. வயல் எலிக்கு இருவகை நஞ்சுகள் பயன்பாட்டில் உள்ளன. துத்தநாக பாஸ்பைடு, இரையோடு வயிற்றில் சேர்ந்ததும் அமிலத்தில் கரைந்து பாஸ்பீன் என்னும் கொடிய வாயுவாக மாறி விரைவில் கொல்லும். புரோமோடையலோன் இரத்தம் உறைவதைத் தடுத்து, சில நாட்களில் உட்கசிவால் கொல்லும். முதல்வகையில் ஒரு பெரிய குறை உண்டு: குறைந்த அளவு தின்று பிழைத்த எலி அந்த இரையை மீண்டும் தொடாது. இதை இரைக்கூச்சம் என்பர். இரண்டு மூன்று நாள் நஞ்சில்லாத இரையை வைத்துப் பழக்கிய பின்னரே நஞ்சை 2 விழுக்காடு அளவில் கலக்க வேண்டும் என்ற பரிந்துரையைப் பின்பற்றாமல் முதல் நாளே நஞ்சை வைப்பவர், வயலின் எலிகளுக்குப் பாடம் நடத்துகிறார் என்றே சொல்ல வேண்டும். இரண்டாம் வகையில் கூச்சம் எழாது. ஆனால் நஞ்சுண்டு தள்ளாடும் எலியைத் தின்னும் கூகையும் பருந்தும் காட்டுப்பூனையும் அதே நஞ்சுக்கு ஆளாகும் அபாயம் உண்டு. எலியைத் தின்னும் பறவையை இழந்த வயலில் அடுத்த பருவத்தின் எலிகளைப் பிடிக்க யாரும் இருக்கமாட்டார்கள். மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் கூகைகளுக்கென்றே கூடுபெட்டிகள் வைத்து எலியைக் கட்டுப்படுத்திவருவதும், தமிழ்நாட்டு வயல்களில் ஆந்தை அமர்வதற்கென நீண்ட குச்சிகளைப் பறவைத் தாங்கிகளாக நடுமாறு வேளாண் துறை பரிந்துரைப்பதும் இந்த நோக்கில்தான். வீட்டு எலிகளுக்கென விற்கப்பட்ட மஞ்சள் பாஸ்பரஸ் பசை, எண்ணற்ற மனித உயிர்களையும் பறித்ததால் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் நஞ்சு எந்த வடிவில் இருந்தாலும் அது எலிக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை.

இவற்றையெல்லாம் விடக் கொடியது, எலியும் பன்றியும் நுழையாதிருக்க வயலைச் சுற்றி வெற்றுக் கம்பியை இழுத்து நேரடி மின்சாரம் பாய்ச்சும் வழக்கம். விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்து வயல்காரரும், கூலிக்கு வரும் பெண்களும், சில வேளை கம்பியை இழுத்தவரே கூட அதில் மாண்டுபோகின்றனர். தமிழ்நாடு அரசு 2023-இல் மின்வேலிகளைப் பதிவு செய்வதற்கும் ஒழுங்குபடுத்துவதற்கும் விதிகளை வகுத்துள்ளது. அனுமதிக்கப்படும் வேலி, உயிரைப் பறிக்காத குறுகிய அதிர்வுகளை மட்டுமே விட்டுவிட்டுச் செலுத்தும். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவது எந்தச் சூழ்நிலையிலும் குற்றமே. மனித உயிர் போனால் அது மரணம் விளைவித்த குற்ற வழக்காகவும் ஆகிறது.

ஒருவர் வயலில் மட்டும் செய்யும் எலி ஒழிப்பு நிலைக்காது என்பது இத்துறையின் அடிப்படை உண்மை. காலியான வளைக்குள் பக்கத்து வயலின் எலி குடியேறுவதற்குச் சில வாரங்களே போதும். இதை உணர்ந்தே, தென்கிழக்கு ஆசிய நெல் நாடுகளில் பல விவசாயிகள் ஒன்றுசேர்ந்து, ஒரு சிறு துண்டு நிலத்தில் மட்டும் முன்கூட்டியே நெல்லை நட்டு, அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள் வேலி கட்டி, வேலியிலுள்ள சிறு துளைகளின் பின்னால் கூண்டுகளை வைக்கும் முறையை வளர்த்தெடுத்தனர். முந்தி விளையும் பயிரின் மணத்தால் சுற்றுவட்டார எலிகள் ஈர்க்கப்பட்டு, துளை வழியே கூண்டுக்குள் விழ, ஒரு சிறு துண்டு பத்துப் பதினைந்து எக்டர் வயலைக் காக்கிறது. பொறியின் வடிவம் புதிது. ஊர் கூடிச் செய்ய வேண்டும் என்ற கருத்து காவிரிப் படுகைக்குப் புதிதன்று, ஏனெனில் வாய்க்காலைத் தூர்வாருவதையும் முறை வைத்துத் தண்ணீர் விடுவதையும் ஊரே கூடித்தான் செய்துவந்திருக்கிறது. அகன்று உயர்ந்த வரப்புகள் எலிக்கு அரண்மனை என்பதால், வரப்பின் அகலத்தை 45 சென்டிமீட்டருக்கும் உயரத்தை 30 சென்டிமீட்டருக்கும் மிகாமல் வைத்துக்கொள்ளும்படி பரிந்துரைக்கப்படுகிறது. இதற்குச் செலவு எதுவும் இல்லை. எலியின் சிறுநீர் கலந்த வயல்நீரிலிருந்து, காலிலுள்ள கீறல் வழியே உடலில் புகும் எலிக்காய்ச்சல் நோயும் எலிகள் குறையும்போது குறையும்.

முயலுக்கு எதிரான கண்ணி

இனி மேட்டுநிலத்துக்குத் திரும்பினால், நிலைமை வேறு. காட்டுமுயல் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் தொடக்கத்தில் நான்காம் அட்டவணையில் இடம்பெற்றிருந்தது. அதே சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை, எலியையும் சுண்டெலியையும் காகத்தையும் பழந்தின்னி வௌவாலையும் தீங்குயிர் என்று வகைப்படுத்தி வேட்டைத் தடையிலிருந்து விலக்கி வைத்திருந்தது. 2022-ஆம் ஆண்டின் திருத்தம் அட்டவணைகளைக் குறைத்து, தீங்குயிர் அட்டவணையை நீக்கியது. முயலுக்கான பாதுகாப்போ அப்படியே தொடர்கிறது. வேட்டை என்பதற்கு இச்சட்டம் தரும் விளக்கம் கவனிக்கத் தக்கது: கொல்வது மட்டுமன்றி, பிடிப்பதும், நாயை விட்டுத் துரத்துவதும், கண்ணி வைப்பதும், பொறி வைப்பதும், இரை வைத்து ஈர்ப்பதும், இவற்றில் எதையேனும் செய்ய முயல்வதும் வேட்டையே. எனவே முந்திரித் தோப்பில் கண்ணியைக் கட்டிவிட்டு வந்தவர், அதில் எதுவும் சிக்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. அதே திருத்தம் பொதுவான குற்றங்களுக்கான அபராத வரம்பை 25,000 ரூபாயிலிருந்து 1 இலட்சம் ரூபாயாக உயர்த்தியிருக்கிறது.

சட்டம் ஒருபுறம் இருக்க, கண்ணியின் இயல்பே அதற்கு எதிரான வலுவான வாதம். இருசக்கர வாகனத்தின் பழைய பிரேக் கம்பியைச் சுருக்காக்கி, முயல் நடக்கும் தடத்தில் புதரோடு கட்டிவிட்டால், அது யார் வந்தாலும் இறுக்கும். இழுக்க இழுக்க இறுகும். விடியும்வரை, சில வேளை மறுநாள்வரை, சிக்கிய உயிர் துடித்துக்கொண்டிருக்கும். முயலுக்கு வைத்ததில் கீரியும் உடும்பும் மயிலும் நரியும் மாட்டிக்கொள்வதும், கால் அறுபட்ட ஆட்டுக்குட்டி ஒன்றை மேய்ப்பவர் தூக்கி வருவதும் நடக்கின்றன. வரப்பில் வைத்த கிட்டி எலியைத் தேர்ந்தெடுக்கிறது. புதரில் கட்டிய கண்ணி எதையும் தேர்ந்தெடுப்பதில்லை.

வேட்டை நாய் பற்றியும் ஒரு சொல் வேண்டும். கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை, இராஜபாளையம் ஆகிய தமிழ்நாட்டு நாயினங்கள் பெருமைக்குரியவை. இராஜபாளையம் நாய்க்கு 2005-இல் அஞ்சல்தலையே வெளியிடப்பட்டது. மெலிந்த இடுப்பும் ஆழ்ந்த மார்பும் நீண்ட காலும் கொண்ட கன்னியும் சிப்பிப்பாறையும் ஓட்டத்துக்கென்றே உருவானவை என்பதும், முயல் வேட்டையே அவற்றை உருவாக்கியது என்பதும் மறுக்க முடியாதவை. அந்த மரபைக் காப்பது வேறு, அந்தப் பெயரால் இரவில் தலைவிளக்கோடு முயலைத் துரத்துவது வேறு. இங்கிலாந்து தன் நாய் வேட்டை மரபைக் கைவிட்டபோது, 2004-ஆம் ஆண்டின் சட்டத்தில் காட்டுப் பாலூட்டிகளை நாய்களைக் கொண்டு வேட்டையாடுவதைத் தடுத்தது. எலிக்கும் வளைமுயலுக்கும் மட்டும் நில உரிமையாளரின் இசைவோடு விலக்கு அளித்து, காட்டுமுயலை நாய் விட்டுத் துரத்துவதை முற்றாக விலக்கியது. வெகு தொலைவிலுள்ள அந்த நாட்டின் சட்டமும் இந்தியச் சட்டமும் ஒரே கோட்டில் வந்து நிற்கின்றன: எலியை நாய் பிடிக்கலாம், காட்டுமுயலை நாய் துரத்தக் கூடாது.

வேட்டையைத் தொழிலாகக் கொண்டிருந்தவர்கள் மீது இந்தச் சட்டம் விழுந்தபோது, மாற்றுத் தொழில் எதுவும் அவர்களுக்குத் தரப்படவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. நரிக்குறவர் சமூகம் துப்பாக்கியையும் கண்ணியையும் விட்டு ஊசி மணி, பாசி மணி விற்பனையை நம்பி வாழ நேர்ந்தது. பழங்குடியினர் பட்டியலில் அவர்கள் சேர்க்கப்படுவதற்கு 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தடத்தைப் படிக்கவும் பொறி வைக்கவும் தலைமுறைகளாகப் பழகிய கைகளுக்கு வயலில் நேர்மையான வேலையும் நல்ல கூலியும் கிடைத்தால், புதரில் கண்ணி வைப்பதற்கான தேவை பெருமளவு குறையும். முயலைக் காப்பதற்கு வனக்காவலரின் ரோந்து வேண்டும். அதைவிட எலி பிடிப்பவருக்குக் கௌரவமான கூலி வேண்டும்.

மீன்சுருட்டிப் பகுதிக்கு இதற்கான நிறுவனங்கள் தொலைவில் இல்லை. ஜெயங்கொண்டத்தை அடுத்த சோழமாதேவியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கொள்ளிடத்துக்குத் தெற்கே ஆடுதுறையில் நூறாண்டு கடந்த நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சம்பா நாற்றங்கால் விடுவதற்கு முன்பே ஊராட்சி மன்றம், நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தோடும் இந்நிலையங்களோடும் சேர்ந்து, ஒரே வாரத்தில் வரப்பு முழுவதும் எலி வெட்டவும் கிட்டி வைக்கவும் எலி பிடிப்பவர்களை அழைக்க வேண்டும். ஏக்கருக்கு இவ்வளவு என்று எல்லா விவசாயிகளிடமும் பணம் திரட்டி, கையுறையும் புகைக்கலமும் வாங்கிக் கொடுத்து, வாலுக்கான கூலியை அன்றன்றே தந்துவிட வேண்டும். நடவுக்குப் பின் ஒருமுறையும் தொண்டைக்கதிருக்கு முன் இன்னொரு முறையும் இதைச் செய்தால் நஞ்சுக்கும் மின்கம்பிக்கும் வேலையே இருக்காது. அவ்வாறே, முந்திரித் தோப்பில் கம்பிச் சுருக்கைக் காணும் எவரும் அதை அவிழ்த்துவிட்டு வனத்துறைக்குத் தகவல் தர வேண்டும். இந்த ஆண்டுச் சம்பாவுக்கு முன் ஒவ்வோர் ஊராட்சியும் இவ்விரண்டையும் தீர்மானமாக நிறைவேற்றி நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும்.